ஹல்க் 181: விலையைக் கேட்கும் முன்னால் கடிதப் பக்கத்தைத் திறங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1970களில் அமெரிக்காவில் வேலை பார்த்த பெரியப்பா விட்டுப்போன பெட்டியில் முப்பது நாற்பது காமிக்ஸ் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1974 நவம்பர் தேதியிட்ட 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ். வுல்வரின் என்ற மார்வெல் நாயகன் முழுக் கதையில் வரும் முதல் இதழ் அது என்று தேடித் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். அட்டை பளிச்சென்று இருக்கிறது. இணையத்தில் ஒருவர் இதே இதழுக்குக் கேட்கும் தொகையைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. நீங்கள் காட்டிய கடைக்காரரோ அதில் கால்வாசிதான் தருவேன் என்கிறார். யாரை நம்புவது, இதழின் நிலையைப் பார்த்துத் தர எண் போட்டுச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பலாமா, கடைசியில் எவ்வளவு பெறும்?

இப்போதைக்கு இரண்டு பேரையும் ஒதுக்கி வையுங்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, இதழை மேசைமேல் வைத்து வாசகர் கடிதப் பக்கத்தைத் திறங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஷான்னா என்ற காட்டு நாயகியின் படமும் 54 என்ற எண்ணும் போட்ட ஸ்டாம்ப் ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் கத்தரித்த ஓட்டை இருக்கிறதா?

இந்த ஸ்டாம்ப்பின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. மார்வெல் நிறுவனம் 1974இல் தன் இதழ்களில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று மொத்தம் 100 படங்களை ஒவ்வொன்றாக அச்சிட ஆரம்பித்தது. குழந்தைகள் அவற்றை வெட்டி, அதற்கென்றே விற்ற ஒரு புத்தகத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். அதாவது இதழைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லிக் கொடுத்ததே வெளியிட்டவர்கள்தான். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் வெட்டினார்கள். 25 சென்ட் கொடுத்து வாங்கிய இதழில் ஒரு மூலையை வெட்டினால் என்ன போய்விடப் போகிறது என்றுதான் அன்றைக்கு யாரும் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்த ஓட்டை, இதழின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி, ஸ்டாம்ப் இல்லாத பிரதி 'முழுமையற்றது'. சான்று நிறுவனம் அதற்கு மிகத் தாழ்ந்த தர எண் போடும். அல்லது பச்சை லேபிள் ஒட்டி, 'இந்தக் குறையை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தத் தரம்' என்று எழுதிக் கொடுக்கும். பச்சை லேபிளைப் பார்த்ததும் பல சேகரிப்பாளர்கள் பக்கத்தில்கூட வரமாட்டார்கள்.

இணையத்தில் பெரிய தொகை கேட்கும் அந்த மனிதரின் பிரதியில் ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அட்டையின் படத்தை மட்டும் போட்டிருந்தால், அந்தத் தொகைக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஸ்டாம்ப் இருந்தாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் மற்ற தாள்களைப் போலவே பழுத்திருக்கிறதா, ஓரங்கள் சரியாகச் சேர்ந்து நிற்கின்றனவா, ஸ்டேப்பிள் பின் குத்திய துளைகள் பொருந்துகின்றனவா? வேறொரு கிழிந்த பிரதியிலிருந்து தாளை எடுத்து இதில் செருகி வைக்கும் வேலை நடக்கிறது. சேகரிப்பாளர்கள் இதைக் 'கல்யாணம் பண்ணி வைத்தது' என்ற பொருளில் 'மேரீட்' பக்கம் என்பார்கள். கண்டுபிடித்தால் லேபிளிலேயே எழுதிவிடுவார்கள்.

அடுத்தது பக்கங்களை எண்ணுவது. அந்தக் காலத்து இதழ் என்றால் அட்டையைத் தவிர்த்து உள்ளே 32 பக்கங்கள், அதாவது நடுவில் மடித்துப் பின் அடித்த எட்டுத் தாள்கள். நடுத்தாள் இரண்டு பின்களிலும் பிடித்து நிற்கிறதா, ஒன்றில் மட்டும் தொங்குகிறதா என்று பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் கூப்பன் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணாமல் விலை பேசுகிறவர்கள் நிறைய. எண்ண மூன்று நிமிடம் ஆகும்.

மறுபதிப்பா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த இதழை மார்வெலே பின்னாளில் பல வடிவங்களில் மறுபடி வெளியிட்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் வரும் 'ஃபாக்சிமிலி' பதிப்புகள் பழைய விளம்பரங்களைக்கூட விடாமல் அப்படியே அச்சிடப்படுபவை. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியீட்டு விவரம் இருக்கும். அதில் ஆண்டும் மாதமும் என்ன என்று படியுங்கள். தாளைத் தொட்டுப் பாருங்கள். 1974இன் தாள் சொரசொரப்பான செய்தித்தாள் ரகம், ஐம்பது வருடத்தில் ஓரமாவது பழுத்திருக்கும். வழுவழுப்பான வெள்ளைத் தாளாக இருந்தால் மேற்கொண்டு இந்தப் பதிலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரியப்பா 1970களிலேயே வாங்கி வைத்தது என்பதால் உங்கள் விஷயத்தில் இந்தப் பயம் குறைவு.

சரி, முழுமையான அசல் பிரதி என்றே வைத்துக்கொள்வோம். இனிதான் தரம் பார்ப்பது. அட்டையின் பளபளப்பை மட்டும் வைத்துத் தரம் சொல்வது, நெற்றியைத் தொட்டுப் பார்த்து ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்வது மாதிரி.

முதலில் முதுகு. இதழ் மடிந்து பின் அடித்திருக்கும் இடது ஓரத்தைத்தான் சொல்கிறேன். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு, இதழை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். முதுகை ஒட்டிக் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். இதழை ஒவ்வொரு முறை திறந்து படித்தபோதும் விழுந்த அழுத்தக் கோடுகள் அவை. அவற்றில் இரண்டு ரகம் உண்டு. வெளிச்சம் படும்போது மட்டும் தெரிகிற, நிறம் உடையாத மடிப்பு ஒன்று. மையே உதிர்ந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கிற மடிப்பு இன்னொன்று. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் முதலாவதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, இரண்டாவதற்குக் கிடையாது. கோடுகளை எண்ணும்போது இந்த இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். கருப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறம் முதுகுவரை வரும் அட்டைகளில் ஒரு சிறு வெள்ளைக் கீறல்கூடப் பல்லை இளிக்கும்.

அப்புறம் இதழை மட்டமாக வைத்து, முதுகு நேராக நிற்கிறதா, ஒருபக்கமாக உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். இடதுகையில் சுருட்டிப் பிடித்துப் படித்த இதழ்களில் பின்னட்டை முன்பக்கமாக வந்து எட்டிப் பார்க்கும். பின்களில் துரு இருக்கிறதா, துரு தாளுக்கும் பரவியிருக்கிறதா? பின்னைச் சுற்றி அட்டை கிழிந்து, எந்த நேரமும் கழன்றுவிடுவேன் என்று நிற்கிறதா? அட்டை ஒரு பின்னிலிருந்து கழன்றிருந்தாலே உயர்ந்த தரம் என்ற பேச்சு முடிந்தது. நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா? நட்டநடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக்கோடு ஓடினால், அது தபாலில் மடித்து அனுப்பப்பட்ட சந்தாப் பிரதி. அன்றைய சந்தாதாரர்கள் பாவம்.

பின்னட்டையை யாரும் பார்ப்பதில்லை. தரம் பார்ப்பவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். அழுக்கும், தண்ணீர்க் கறையும், அடுக்கி வைத்ததில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் மட்டும் படிந்த தூசி நிழலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைக்காரர் குத்திய தேதி முத்திரையோ, பென்சிலில் கிறுக்கிய வருகைத் தேதியோ இருந்தால் பதற வேண்டாம். பழைய இதழ்களில் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரியப்பா பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது வேறு கதை.

உள்ளே தாளின் நிறம். வெள்ளை, மங்கல் வெள்ளை, பாலாடை நிறம், பழுப்பு, கடைசியாகத் தொட்டால் நொறுங்கும் நிலை என்று போகும். செய்தித்தாள் ரகத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து பழுக்கிறது. அதில் உண்டாகும் அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. சூடான பரணில் கிடந்த இதழும் குளிர்ந்த அலமாரியில் இருந்த இதழும் ஒரே நாளில் ஒரே அச்சகத்தில் பிறந்திருந்தாலும் ஒரே வயதாகத் தெரியாது. ஓரத்தை லேசாக வளைத்தால் துகள் உதிர்ந்தால், அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு எண் போடுகிறார்கள். 0.5இல் தொடங்கி 10.0 வரை போகும் அளவுகோல். இதில் புதியவர்கள் தவறாமல் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 1970இல் முதல் பதிப்பு வந்த ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு நிலைநிறுத்திய சொற்கள்தான் இன்றும் புழங்குகின்றன. அந்தச் சொற்களில் 'குட்' என்றால் நல்ல நிலை என்று எண்ணிவிடாதீர்கள். அது 2.0. படித்துக் கசங்கி, மடிந்து, ஓரம் தேய்ந்த பிரதி. 'வெரி குட்' என்பது 4.0. 'ஃபைன்' 6.0, 'வெரி ஃபைன்' 8.0, 'நியர் மிண்ட்' 9.4. நீங்கள் சாதாரணப் பேச்சில் 'வெரி குட் கண்டிஷன்' என்று விளம்பரம் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர் காதில் '4.0' என்றுதான் விழும்.

உங்கள் எண்ணை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதிவிட்டு, அதிலிருந்து ஒன்றோ ஒன்றரையோ குறையுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சொந்தப் பொருள் என்றால் கண் தானாகவே தாராளமாகிவிடும். பெரியப்பாவின் நினைவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தெரியாத ஒருவர் இதே இதழை உங்களிடம் விற்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், அப்போது குறைகள் வரிசையாகக் கண்ணில் படும்.

எனக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது, காசு கொடுத்து. பல வருடங்களுக்கு முன் 1960களின் ஒரு ஸ்பைடர்மேன் இதழைத் தனிநபர் ஒருவரிடம் வாங்கினேன். புகைப்படத்தில் முதுகு கருகருவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. 8.0க்குக் குறையாது என்று தீர்மானித்து, சான்றுக்கும் அனுப்பினேன். பழுதுபார்த்த பிரதிகளுக்கு ஒட்டும் ஊதா லேபிளோடு திரும்பி வந்தது. உதிர்ந்த இடங்களில் யாரோ கருப்பு மார்க்கர் பேனாவால் நிறம் தீட்டியிருக்கிறார்கள். அட்டையைத் திருப்பி உள்பக்கம் பார்த்திருந்தால் மை ஊறிய கரும்புள்ளிகள் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. விற்றவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் யாரோ விற்றிருக்கலாம்.

எனவே உங்கள் இதழிலும் இதைப் பாருங்கள். நிறம் தீட்டுவது, கிழிசலைப் பசை போட்டு ஒட்டுவது, போன துண்டுக்கு வேறு தாள் வைத்து நிரப்புவது எல்லாம் ரெஸ்டோரேஷன், அதாவது பழுதுபார்த்துப் புதுப்பித்தல் கணக்கில் வரும். அவற்றில் மோசமானது ஓரம் வெட்டுவது. தேய்ந்த ஓரத்தைப் பிளேடால் சீவி எடுத்துக் கூராக்கிவிடுவார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கும், ஆனால் இதழ் ஒரு நூல் அளவு சிறுத்திருக்கும். அதே காலத்து இன்னொரு மார்வெல் இதழை மேலே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் பெட்டியிலேயே இருக்குமே. அட்டையும் உள்தாள்களும் கத்தியால் வெட்டியது போல ஒரே மட்டமாக, மற்ற குறைகளோடு பொருந்தாத அளவு சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஊதா லேபிள் விழுந்தால் அதே தர எண்ணுள்ள, கைவைக்கப்படாத நீல லேபிள் பிரதியின் விலையில் ஒரு பங்குதான் தேறும்.

நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்யப்போகும் காரியங்களையும் இங்கேயே தடுத்துவிடுகிறேன். துணியால் துடைக்காதீர்கள், அழி ரப்பர் போடாதீர்கள், கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த பின்னை மாற்றாதீர்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

இனி விலை. மலைக்க வைக்கும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். 1938இல் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் 8.5 தரப் பிரதி 2024 ஏப்ரலில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. 2025 நவம்பரில் அதே நிறுவனத்தில் 1939இன் 'சூப்பர்மேன்' முதல் இதழ், 9.0 தரம், 91.2 லட்சம் டாலர். மறைந்த தாயின் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியில் மகன்கள் கண்டெடுத்த பிரதி அது. இப்படி ஒரு செய்தி வந்தால், பரணில் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கை பரபரக்கும்.

ஆனால் ஹல்க் 181 வேறு ரகம். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் மிஞ்சியிருப்பது சுமார் 100 பிரதிகள் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பழைய தாள் திரட்டியதில் அந்தக் காலத்து இதழ்கள் ஏராளமாகக் கூழாகிப் போயின. ஹல்க் 181இலோ, சான்று பெற்று பிளாஸ்டிக் உறைக்குள் போன பிரதிகள் மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டும். அது அபூர்வமான இதழே அல்ல. எந்த நாளில் தேடினாலும் விற்பனைக்கு ஒன்று கிடைக்கும். ஆனாலும் விலை நிற்பதற்குக் காரணம், வுல்வரினை விரும்புகிறவர்கள் பிரதிகளைவிட அதிகம். இத்தனை பிரதிகள் இருப்பதால்தான் தரத்துக்கு இவ்வளவு மரியாதை. வாங்குபவருக்கு அவசரமில்லை, உங்களுடையது பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைப் பார்ப்பார்.

180ஆம் இதழும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வுல்வரின் உண்மையில் முதலில் தலைகாட்டுவது அதன் கடைசிப் பக்கத்தில்தான். எது 'முதல் தோற்றம்' என்று சேகரிப்பாளர்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். பணம் கொடுப்பவர்கள் 181 பக்கம் நிற்கிறார்கள், அதனால் எனக்கும் அதில் கருத்து எதுவும் கிடையாது. 180 தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் நல்ல விலை உண்டு.

விலையைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். விற்பவர் கேட்கும் விலையை மறந்துவிடுங்கள். யாரும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. ஹெரிடேஜ் தளத்தில் பழைய ஏல முடிவுகள் கிடைக்கின்றன. கோகலெக்ட் போன்ற தளங்கள் தரவாரியாக விற்பனையைத் தொகுத்துத் தருகின்றன. உங்கள் தர எண், அதே நிற லேபிள், முடிந்தால் அதே தாள் நிறம் என்று பொருத்தி, கடைசி ஆறு மாத விற்பனைகளை எழுதுங்கள். உச்சத்தில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஆறு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஐ ஒட்டி, காமிக்ஸ் விலைகள் தலைகால் புரியாமல் ஏறி, அப்புறம் நன்றாக இறங்கின. அந்த உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் விற்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்தவரும் அப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம்.

தரத்துக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல என்பதையும் அந்தப் பட்டியலே காட்டிவிடும். 3.0க்கும் 4.0க்கும் உள்ள இடைவெளி ஒரு படிக்கட்டு. மேலே போகப் போக அது செங்குத்து மலை. 9.6க்கும் 9.8க்கும் நடுவில், வெறுங்கண்ணால் பலருக்கும் சொல்லத் தெரியாத வித்தியாசத்துக்கு, விலை சில சமயம் இரட்டிப்பாகும். பெட்டியில் கிடந்து, படித்த கை பட்ட ஐம்பது வயது இதழ் அந்த மலைமேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 4.0க்கும் 7.0க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதற்குமேல் வந்தால் லாபம்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரே இதழுக்கு மூன்று விலைகள் உண்டு. காப்பீட்டுக்காக எழுதும் விலை உயர்ந்தது, ஏனென்றால் தொலைந்தால் கடையில் போய்த் திரும்ப வாங்க என்ன ஆகுமோ அது. இன்னொரு சேகரிப்பாளருக்கு நேரடியாக விற்றால் கிடைப்பது அடுத்தது, அதிலும் தளத்தின் கட்டணமும் தபால் செலவும் போகும். வியாபாரி ரொக்கமாகத் தருவது மூன்றாவது. அவர் முதலைப் போட்டு, இடம் கொடுத்து, தரம் பற்றிய சந்தேகத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். மெதுவாக விற்கும் இதழுக்குப் பாதி கொடுத்தாலும் நியாயம்தான். ஆனால் ஹல்க் 181 வாங்கி வைத்த வாரமே விற்றுவிடக்கூடிய சரக்கு. ஸ்டாம்ப் உள்ள, தீண்டப்படாத பிரதிக்கு உண்மையான விற்பனை விலையில் கால்வாசி என்றால் எனக்கு ஒப்பவில்லை. அதேசமயம், அவர் சொன்னது இணையத்தில் கேட்கும் விலையில் கால்வாசி. உண்மையான விற்பனை விலையில் அது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். அவர் கடிதப் பக்கத்தைத் திறந்து பார்த்தாரா என்றும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். பார்த்துவிட்டு, ஓட்டையைக் கண்டு அந்த விலை சொல்லியிருந்தால் மனிதர் தாராளமானவர்.

சான்றுக்கு அனுப்பலாமா? இந்த ஓர் இதழுக்கு என் பதில் 'ஆம்'. 2000இல் தொடங்கிய சிஜிசி, 2014இல் வந்த சிபிசிஎஸ் என்று இரண்டு பெயர்கள் பரவலாக ஏற்கப்பட்டவை. பக்கங்களை எண்ணி, ரெஸ்டோரேஷன் இருக்கிறதா என்று சோதித்து, எண் போட்டு, இதழைக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். ஸ்டாம்ப் இருக்கிறதா, ஓரம் வெட்டியதா என்ற கேள்விகள் ஒட்டிக்கொண்டே இருக்கும் இதழ் இது என்பதால், ஸ்லாப் இல்லாத பிரதியை வாங்குபவர் எல்லாச் சந்தேகத்தையும் விலையில் கழித்துக்கொள்வார். குறைந்த தரம் வந்தாலும் இந்த இதழ் கட்டணத்தைத் தாங்கும்.

அனுப்புவதற்கு முன் பிரெஸ்ஸிங் செய்யலாமா என்று கேட்பீர்கள். ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்புகளை நீக்கும் வேலை அது. சிஜிசி அதை ரெஸ்டோரேஷன் என்று கணக்கில் எடுப்பதில்லை. நிறம் உடையாத மடிப்புகளைத் தனியாக எண்ணச் சொன்னேனே, அது இதற்காகத்தான். அவை நிறைய இருந்தால் பிரெஸ்ஸிங்கில் தரம் ஏறும். வெள்ளைக் கோடுகளே அதிகம் என்றால் செலவு வீண். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் கிட்டவே போக வேண்டாம். நிறம் உடைத்தவையும் உடைக்காதவையும் எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டு, பிரெஸ்ஸிங்கைத் தொழிலாகவே செய்பவரிடம் பேசுங்கள்.

பெட்டியில் உள்ள மற்றவற்றை மொத்தமாக ஸ்லாப் போட அனுப்பாதீர்கள். பெரும்பாலானவை கட்டணத்துக்குக்கூடத் தேறாது. சிலவற்றை மட்டும் தேடிப் பாருங்கள். பனிஷர் முதலில் வரும் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 129, 1975இன் 'ஜயன்ட் சைஸ் எக்ஸ்மென்' முதல் இதழ், 'எக்ஸ்மென்' 94. விலை அச்சிட்ட மூலையையும் கவனியுங்கள். 1976 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தேதியிட்ட மார்வெல் இதழ்கள் பொதுவாக 25 சென்ட். ஆனால் சில ஊர்களில் மட்டும் சோதனையாக 30 சென்ட் அச்சிட்டு விற்றார்கள். 1977 ஜூன் முதல் அக்டோபர் வரை 35 சென்டிலும் அதே கதை. அந்தப் பிரதிகள் உண்மையாகவே குறைவு. ஐந்து சென்ட் கூடுதலாகக் கொடுத்தவருக்கு இவ்வளவு காலம் கழித்துக் கிடைக்கும் வட்டி. பிற்காலத்தில் யாராவது 1991இன் 'எக்ஸ்மென்' முதல் இதழைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தால், ஜாக்கிரதையாக எடுத்து ஆசையாகப் படியுங்கள். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்தது, எல்லோரும் பத்திரப்படுத்தியும் வைத்தார்கள். அதற்கு விலை இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. ஹல்க் இதழை அமிலமற்ற அட்டையோடு, மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். சாதாரண பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிற்க வையுங்கள். அதற்கு முன் முன்னட்டை, பின்னட்டை, பின்கள், நடுத்தாள், அட்டையின் உள்பக்கங்கள், கடிதப் பக்கம் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கொடுத்தாலும், தபாலில் அனுப்பினாலும், கொடுத்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.

ஸ்டாம்ப் இருந்தால் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சான்றுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால், ஸ்டாம்ப் போன பிரதிகள் விற்ற விலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரிடம் மறுபடி போய்ப் பேசுங்கள். பெரியப்பா வெட்டி ஒட்டிய ஸ்டாம்ப் புத்தகம் பெட்டியின் அடியில் எங்காவது கிடக்கிறதா என்று ஒருமுறை துழாவியும் பாருங்கள். கிடைத்தால் 54ஐப் பிய்த்து எடுத்து ஒட்டலாமே என்று கை துறுதுறுக்கும், வேண்டாம்.